திருநீற்றுக்குச் சாட்சி எதற்கு?

'சமய அற்புதங்களை நம்புவதற்குச் சான்று துணை நிற்குமா, நிற்காதா?' திருகோணமலைப் பட்டிமன்றத்தில் 'நிற்காது' அணியின் இரண்டாவது உரை

நடுவர் ஐயா, இரண்டு அணியினர், கடற்காற்றை வெளியில் விட்டுவிட்டு மண்டபத்துக்குள் வந்து வியர்த்துக்கொண்டிருக்கும் சபையோர், எல்லோருக்கும் வணக்கம். அவ்வளவுதான். இதற்கு மேல் வணக்கம் சொன்னால் வாதத்துக்கு நேரம் காணாது.

எதிரணித் தலைவர் எங்கள் வாத்தியார் ஐயா. அவர் பேச்சில் பாதி அற்புதங்களைப் பற்றி, பாதி என் நெற்றியைப் பற்றி. "சபையோரே, அங்கே இருக்கிறவருடைய நெற்றியைப் பாருங்கள்! மூன்று குறி திருநீறு! பத்திரகாளி அம்மன் வாசலில் பூசிய நீறு காய முன்னம் மேடைக்கு ஏறி, அற்புதத்துக்குச் சான்று இல்லை என்று பேசப் போகிறார். நெற்றி ஒரு கட்சி, நாக்கு வேறு கட்சி!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பின் வரிசையில் விசில் கூட அடித்தார்கள். நல்ல அடிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் ஐயா அடித்த இடம்தான் பிழை. அவருடைய கட்சி முழுவதும் விழப்போவது இந்த நெற்றியில் வழுக்கித்தான்.

இந்த நீறு எப்படி வருகிறது? பசுச் சாணத்தை நிலத்தில் விழ விடாமல் இலையில் ஏந்த வேண்டும் என்பது முறை. அதில் ஒரு நடைமுறைப் பலனும் இருக்கிறது: மண் ஒட்டிய சாணத்தில் செய்த நீறு பூசும்போது நெற்றியில் கரகரக்கும். ஏந்தியதை உருட்டி, தட்டையாக்கி, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் நெருப்பு அங்கே போகாது. காய்ந்ததை நெல் உமிக்குள் அடுக்கி, மேலேயும் உமியால் மூடி, ஓரத்தில் நெருப்பு வைத்தால் சுவாலை விடாமல் கனன்றுகொண்டே கிடக்கும். ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். பொறுமை இல்லாமல் இடையில் கிண்டினால் கரி கலந்து நிறம் மங்கும். காற்றுப் புகாமல் இறுக்கி மூடினால் நடு கறுப்பாகவே நிற்கும். விட்டுவிட்டால் வெள்ளை. ஆறியதும் மேல் உமிச் சாம்பலை ஒதுக்கி, உள்ளே இருப்பதை எடுத்து இடித்து, வெள்ளைச் சீலையில் வஸ்திரகாயம் செய்தால், அதாவது சலித்தால், நீங்கள் கோயிலில் பூசுகிற நீறு.

இதில் எங்கே ஐயா அற்புதம்? சாணம் உண்டு, உமி உண்டு, நெருப்பு உண்டு, பொறுமை உண்டு. எல்லாம் தெரிந்துகொண்டுதான் பூசுகிறோம். இந்த நீறு ஒரு நாளும் என்னிடம் வந்து "நான் வானத்தில் இருந்து வந்தேன், நம்பு" என்று சொன்னதில்லை. நானும் அதனிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டதில்லை. எங்களுக்குள் வழக்கே இல்லை!

வழக்கு எப்போது வருகிறது? ஒருவர் வெறுங்கையைக் காற்றில் சுழற்றி, நாலு விரலைக் கீழே திருப்பி, பொலபொலவென்று நீறு கொட்டி, "பார்த்தாயா? ஆகையால் நான் சாதாரண ஆள் இல்லை" என்று சொல்கிற நேரத்தில். அந்த 'ஆகையால்' வந்தவுடன் வழக்கும் வந்துவிட்டது.

அதற்கும் செய்முறை இருக்கிறது, கேளுங்கள். இதே நீறு ஒரு கரண்டி. வடித்த கஞ்சி ஆறியதில் சில துளி. பிசைந்து, கச்சான் பருப்பளவுக்கு உருட்டிக் காய வைக்க வேண்டும். காய்ந்த உருண்டையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள கவட்டில் செருகிக்கொள்ள வேண்டும். உள்ளங்கை நிலத்தைப் பார்க்க வேண்டும், இது முக்கியம். ஆசீர்வதிக்கிற கை மேலே பார்த்தால் ஆசீர்வாதம் கெட்டுவிடும்! கையைச் சுழற்றும்போது உருண்டை விரல் நுனிக்கு வரும். பெருவிரலால் ஒரு நசுக்கு. ஓர் உருண்டையில் மூன்று நாலு நெற்றிக்குக் காணும். கஞ்சி கூடிவிட்டால் உருண்டை நசியாது, சாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். கஞ்சி குறைந்தால் கவட்டிலேயே உதிர்ந்துவிடும். எங்கள் ஊர் வைகாசி வெக்கையில் என்றால் வியர்வையோடு சேர்ந்து களியாகிவிடும். அன்றைக்கு பக்தருக்கு நீறு இல்லை, சந்தனம் என்று சமாளிக்க வேண்டியதுதான்.

சோதிப்பது கஷ்டம் இல்லை. சுழற்றுவதற்கு முன்பு முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சட்டைக் கையை மடிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையை மேலே பார்க்கப் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்றையும் மரியாதையாகக் கேளுங்கள். அன்றைக்கென்று பார்த்து வானத்தில் நீற்றுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும்.

இதைக் கேட்கிறவன் கடவுளுக்கு எதிரி என்று வாத்தியார் ஐயா முகம் சுளிக்கிறார். ஆபிரகாம் கோவூர் என்று ஒருவர் இந்த நாட்டில் வாழ்ந்தார். கேரளத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வந்து தாவரவியல் படிப்பித்தவர். 1963 இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். மோசடிக்கு இடம் இல்லாத நிலையில் ஓர் அற்புதம் செய்து காட்டினால் போதும். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய்த் தாளின் இலக்கத்தை வாசித்துச் சொன்னாலும் போதும். 1963 இல் ஒரு லட்சம் என்றால் என்ன பெறுமதி என்று முன்வரிசை ஐயாமாரைக் கேளுங்கள். 1978 இல் கோவூர் இறக்கும் வரை அந்தக் காசு அப்படியே இருந்தது. காற்றில் இருந்து மோதிரம் எடுக்கத் தெரிந்த ஒருவருக்குக் கூட, கோவூர் வீட்டு வாசலில் இருந்து ஒரு லட்சம் எடுக்கத் தெரியவில்லை.

ஆக, வாத்தியார் ஐயா, நெற்றியும் நாக்கும் ஒரே கட்சிதான். பூசுகிறதற்குச் சாட்சி வேண்டாம். கொட்டுகிறதற்கு வேண்டும்.

நெற்றிக்கே இவ்வளவு நேரம் போய்விட்டது. பரவாயில்லை, நெற்றி பெரிது.

அடுத்ததாகச் சட்டம் படிக்கிற தங்கச்சி எழும்பினார். நல்ல பேச்சு. "நீதிமன்றத்தில் இரண்டு சாட்சி இருந்தால் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனையே விதிக்கிறார்கள். ஆயிரம் பேர் கண்ணால் கண்ட அற்புதத்துக்குச் சான்று இல்லையா?" என்று கேட்டார். தங்கச்சி, உங்களுக்காகவே ஒரு கதை வைத்திருக்கிறேன். கடல் கதை. கடலைப் பற்றி இந்த ஊர்ச் சனத்துக்குப் பொய் சொல்ல முடியாது.

2006 ஆம் ஆண்டு, ஆவணி மாதம், அதாவது ஓகஸ்ட், 18 ஆம் திகதி. மும்பாயில் மாகிம் கடற்கரை. பக்கத்தில் புகழ்பெற்ற ஒரு தர்கா. யாரோ ஒருவர் கடல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார். "இனிக்குது!" அவ்வளவுதான் தெரியும். பக்கத்தில் இருந்தவர் வைத்துப் பார்த்தார், "ஓம், இனிக்குது!" அவர் வீட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்தார். வீட்டில் இருந்து மாமி வீட்டுக்கு. இரவோடு இரவாகக் கடற்கரை நிறையச் சனம். போத்தலில் அள்ளுகிறார்கள். பிளாஸ்டிக் பையில் அள்ளுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பருக்குகிறார்கள். இந்துவும் குடிக்கிறார், முஸ்லிமும் குடிக்கிறார்; மதம் பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து குடித்தார்கள், அந்த அளவில் எனக்கும் சந்தோஷம். சில மணித்தியாலத்தில் குஜராத்தில் தீத்தல் கடற்கரையும் இனிக்கத் தொடங்கிவிட்டது. மாகிமில் இனித்தால் தீத்தலில் இனிக்கக் கூடாதா? அவர்களுடைய கடல் என்ன குறைந்த கடலா?

தங்கச்சி, இரண்டு சாட்சி கேட்டீர்கள். இங்கே ஆயிரக்கணக்கில். சத்தியமாகச் சொல்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. இதுதான் கதையில் முக்கியம், ஒருவரும் பொய் சொல்லவில்லை!

இப்போது அதே கதையைத் திரும்பச் சொல்கிறேன். இந்த முறை மாகிமில் நிற்கிறவர், மூதூர்ப் பக்கம் தொழிலுக்குப் போகிற எங்கள் அண்ணை ஒருவர் என்று வையுங்கள். அண்ணை முதலில் வானத்தைப் பார்ப்பார். ஆவணி. மும்பாய்க்கு அது மழைக்காலம். அடுத்து நிலத்தைப் பார்ப்பார். மித்தி என்கிற ஆறு, நகரத்துக் கழிவு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து விழுகிற இடம் மாகிம் முகத்துவாரம். அண்ணை சிரிப்பார். "இது எங்கட கொட்டியாரக்குடா மாரியிலே செய்யிற வேலைதானே!" என்பார்.

சபையில் குடாவில் தொழில் செய்கிறவர்கள் இருந்தால் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, நடுவர் ஐயா? கார்த்திகை, மார்கழியில் மகாவலி பெருகி மூதூர்ப் பக்கம் குடாவில் விழுகிறதே, அப்போது மேல் தண்ணீர் எப்படி இருக்கும்? செம்மண் நிறமாக, உப்புச் செத்துப் போய் இருக்கும். அடியில்? அதே பழைய உப்பு. ஏன்? ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் 1000 கிராம். ஒரு லீற்றர் கடல் தண்ணீர் ஏறத்தாழ 1025 கிராம். அந்த 25 கிராம் பாரக் குறைவால் ஆற்றுத் தண்ணீர் கடலின் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. காற்று அடித்து அலை கலக்கும் வரை அப்படியே கிடக்கும். கலந்தவுடன் உப்பு. மாகிமிலும் அதுதான் நடந்தது. மறுநாளே உப்புத் திரும்பிவிட்டது. மழைத் தண்ணீர் மேலே பரவியதுதான் காரணம் என்று பம்பாய் ஐ.ஐ.டி. நிலவியலாளர்கள் சொன்னார்கள். கழிவு கலந்த தண்ணீர், குடிக்காதீர்கள் என்று அதிகாரிகள் ஓடி ஓடி எச்சரித்தார்கள்.

மூன்றாம் முறையும் சொல்கிறேன். நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார், தொடட்டும், கதை நல்ல கதை. இந்த முறை நடுவர் ஐயாவே மாகிமில் நிற்கிறார். அவர் வாயில் வைக்க மாட்டார், அவர் நடுவர். மூன்று போத்தல் எடுப்பார். மூன்றிலும் கல் கட்டுவார், மூடிக் கட்டையில் தனி நூல் கட்டுவார். ஒன்றை மேல் மட்டத்திலேயே நிரப்புவார். ஒன்றை ஒரு பாகம், அதாவது ஆறடி, ஆழத்துக்கு இறக்கி, அங்கே வைத்து நூலை இழுத்துக் கட்டையைக் கழற்றுவார். மற்றதை இரண்டு பாகம் ஆழத்தில். வாளியால் அள்ளக் கூடாது. வாளி மேல் தண்ணீரை மட்டும்தான் அள்ளும். பம்ப் வைத்து இழுக்கவும் கூடாது; அடியையும் மேலையும் கலக்கிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் அளந்து சட்டியில் வற்றக் காய்ச்சி, அடியில் நிற்கும் உப்பை நிறுப்பார். நிலாவெளி உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை: முழுக் கடல் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 35 கிராம் மிஞ்சும். பாதிக்குப் பாதி ஆற்றுத் தண்ணீர் என்றால் 17, 18 கிராம். ஆழம் போகப் போக நிறை கூடினால் ஆற்றின் வேலை. அடிக் கடலும் சேர்ந்து உப்பு இழந்து, மழையும் இல்லாமல், ஆறும் இல்லாமல், மாசி மாதத்தில் அப்படி நடந்திருந்தால், தங்கச்சி, நானே உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பேன்.

ஆயிரம் நாக்கு சொல்லாததை மூன்று போத்தல் சொல்லும். அந்த ஆயிரம் பேரில் ஒருவர் கூட ஒரு பாகம் கீழே போகவில்லையே!

போன வேகத்தில் இன்னொன்று. மாகிம் கடல் இனித்து இரண்டு மூன்று நாளில் வட இந்தியக் கோயில்களில் சிலைகள் பால் குடிக்கத் தொடங்கின. அது இரண்டாம் தரம். முதல் தரம் 1995 புரட்டாதி 21. அப்போது அரசாங்க விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஈரமான கல் மேற்பரப்பு கரண்டி விளிம்பில் இருந்து பாலை இழுக்க, அது மெல்லிய படலமாகச் சிலையின் முன்புறம் வழிந்தது. வெள்ளைப் பால் வெள்ளைக் கல்லில் வழிந்தால் யார் காண்பார்? சாயம் காட்டிக் கொடுத்துவிட்டது.

தங்கச்சியின் சட்டக் கேள்விக்குக் கணக்காக ஒரு பதில். நூற்றுக்கு ஒரு தரம் மட்டும் பிழைவிடுகிற மிக நல்ல சாட்சி ஒருவர். லட்சத்தில் ஒன்றாக நடக்கிற சம்பவம் ஒன்று. லட்சம் சந்தர்ப்பத்தில் அவர் 'நடந்தது' என்று சொல்வது ஆயிரம் தரத்துக்கு மேல். அதில் உண்மையில் நடந்தது ஒரே ஒரு தரம். ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748 இல் சொன்னதன் சாரம் இதுதான்: அந்தச் சாட்சி பொய்யாகப் போவது அற்புதத்தை விடப் பெரிய அற்புதமாக இருந்தால் நம்பு. இதற்கு எதிராக ரிச்சர்ட் பிரைஸ் என்ற பாதிரியார் 1767 இல் நல்ல பதிலும் சொன்னார். லொத்தரில் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு விழுவதும் லட்சத்தில் ஒன்றுதான், பத்திரிகையில் வந்தால் நம்புகிறோமே என்றார். நியாயம். சாட்சிகள் ஒருவரை ஒருவர் கேளாமல் தனித்தனியே சொன்னால் இரண்டு பேர் சேர்ந்து பிழைவிடுவது பத்தாயிரத்தில் ஒன்று, மூன்று பேர் பத்து லட்சத்தில் ஒன்று. அப்படி மூன்று பேர் போதும், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாகிமில் நின்றது ஆயிரம் சாட்சியா? முதலாமவர் "இனிக்குது" என்றார், மற்ற எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு வாயில் வைத்தவர்கள். நடுவர் ஐயா, அது ஒரே ஒரு சாட்சி, ஆயிரம் வாய்!

சரி, எதிரணியின் ஆகப் பெரிய ஆயுதம் லூர்து. அதைச் சிரித்துத் தள்ள மாட்டேன், அது சிரிக்கிற விஷயம் இல்லை. 1858 இல் பிரான்சின் லூர்தில் பெர்னதெத் என்ற ஏழைப் பிள்ளை மாதாவைக் கண்டதாகச் சொன்னாள். 1883 இல் அங்கே டொக்டர்களின் பணியகம் ஒன்று தொடங்கியது. குணமானேன் என்று வருகிறவர்களின் மருத்துவக் கோவைகளைச் சோதிக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், 18 ஆம் நூற்றாண்டில் லம்பர்த்தினி என்ற கர்தினால் வகுத்தது. பிறகு அவரே பாப்பரசரானார். நோய் பாரதூரமாக இருக்க வேண்டும். தானாக மாறுகிற கட்டத்தில் இருக்கக் கூடாது. மருந்தால் மாறியிருக்கக் கூடாது. குணம் சடுதியாக, முழுமையாக, நிலையாக இருக்க வேண்டும். நம்ப விரும்புகிறவர்களே வைத்த அளவுகோல் இவ்வளவு கடுமை என்றால் நான் தொப்பியைக் கழற்றுகிறேன். ஏறத்தாழ 7000 பேர் கோவை கொடுத்தார்கள். 2018 இல் 70 ஆவதை ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகும் ஒன்றிரண்டு.

இப்போது வடிவாகக் கவனியுங்கள். அந்த டொக்டர்கள் 'அற்புதம்' என்று எழுதுவதில்லை! "இன்றைய மருத்துவ அறிவால் இதை விளக்க முடியவில்லை" என்று மட்டும் எழுதிக் கையொப்பம் வைக்கிறார்கள். 'அற்புதம்' என்று அறிவிப்பவர் குணமானவருடைய மறைமாவட்ட ஆயர். சான்று முதல் தாளோடு முடிந்துவிட்டது. அந்தத் தாளுக்கும் ஆயரின் அறிவித்தலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டுவது விசுவாசம். டொக்டருக்கும் அது தெரியும், ஆயருக்கும் அது தெரியும். தெரியாதவர் எங்கள் வாத்தியார் ஐயா ஒருவர்தான்.

மற்றது, அந்த 70 பேரில் பெரும்பாலானோர் 1960 க்கு முன்பு குணமானவர்கள். ஸ்கேன் இல்லாத காலம். யாத்திரிகர் தொகை குறையவில்லை, சோதனைக் கருவிகள் கூடின, அற்புதம் குறைந்தது. வருஷம் தோறும் லட்சக் கணக்கில் போகிறவர்களில் குணமாகாமல் திரும்பியவர்களுக்குக் கோவை திறப்பார் இல்லை. அந்தக் கோவையையும் பக்கத்தில் வைத்தால்தானே கணக்கு?

அப்படிப் பக்கத்தில் வைத்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2006 இல் வெளிவந்த ஆய்வு. இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்த 1802 பேர். தமக்காகச் செபிக்கிறார்களா என்று தெரியாமல், செபம் பெற்றவர்களில் நூற்றுக்கு 52 பேருக்குச் சிக்கல் வந்தது. செபம் பெறாதவர்களில் 51. உனக்காகச் செபிக்கிறார்கள் என்று நிச்சயமாகச் சொல்லப்பட்டவர்களில் 59! சொல்லி வைத்ததே பயம் காட்டிவிட்டது போல. ஆசுப்பத்திரியில் இருக்கிறவருக்காகச் செபியுங்கள், அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

முதல் மணி. கேட்டது ஐயா.

வாத்தியார் ஐயா கடைசியில் கோணேசர் மலைக்கு வந்தார். "1950 இல் கிணறு தோண்டினபோது, மண்ணுக்குள் இருந்து சோமாஸ்கந்தரும் அம்பாளும் எழுந்து வந்தார்களே! எங்கள் ஊரில் நடந்ததற்கும் சான்று கேட்பாயா?" என்று குரலைத் தழுதழுக்க வைத்தார். அம்மாமார் சிலர் கண்ணைத் துடைத்ததை நானும் பார்த்தேன்.

ஐயா, அந்த விக்கிரகங்கள் எழுந்து வரவில்லை. இறக்கி வைக்கப்பட்டவை. 1622 இல், சித்திரை வருடப் பிறப்பு நாளில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் பறங்கிப் படை மலைக்கு ஏறியது. கோயிலை இடித்த கல்லில் கோட்டை எழும்பியது. அதற்குள் யாரோ சில பேர் சுவாமியைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கியிருக்கிறார்கள். குருக்களோ, தொண்டு செய்தவர்களோ, பெயர் ஒன்றும் இல்லை. வெண்கலம் ஐயா, இலேசான சாமான் இல்லை. தூக்கி, சுமந்து, குழி வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று உரசாமல் கிடத்தி, மண் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் தோண்டி எடுத்திருப்பார்களே! 1950 வரை 328 வருஷம் அப்படியே கிடந்தது. 1963 பங்குனி 3 ஆம் திகதி குடமுழுக்கு நடந்தபோது அவர்களுடைய பேரன் பூட்டன் யாரென்று சொல்ல ஆள் இல்லை.

இதை அற்புதம் என்று சொன்னால் அந்த மனிதர்களை அழித்துவிடுகிறீர்கள், ஐயா. மண்வெட்டி பிடித்த கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அதிசயத்தை வைக்கிறீர்கள். அவர்களுக்கு அன்றைக்கு என்ன அற்புதம் நடந்தது? மலை பிளந்து படையை விழுங்கவில்லை. கடல் எழும்பவில்லை. கண் முன்னே கோபுரம் விழுந்தது. சான்று எல்லாம் அவர்களுக்கு எதிராகவே இருந்தது! சான்றைப் பார்த்து நம்புகிறவர்கள் என்றால் அன்றைக்கே சுவாமியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள்.

பாதிரிமார் கதையும் இதுதான். கோவாவில் இருந்து வந்து இந்த நாட்டில் பணி செய்த யோசப் வாஸ் அடிகளாரை 2015 தை 14 இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். புனிதராக்க வழக்கமாகக் கேட்கிற இரண்டாவது அற்புதம்? வேண்டாம் என்று விட்டுவிட்டார். கண்டியில் வறட்சியில் மழை பெய்வித்தார் என்ற கதை இருக்கட்டும். 1697 இல் அதே கண்டியில் அம்மை பரவி, பெற்ற பிள்ளையையே விட்டுவிட்டுச் சனம் காட்டுக்கு ஓடியபோது, அடிகளார் ஓடவில்லை. சீழ் கழுவினார், கஞ்சி பருக்கினார், செத்தவர்களைப் புதைத்தார். மழைக்குச் சாட்சி தேடி அலைகிறவர்களே, அந்தக் கஞ்சிக் கோப்பைக்கு என்ன சாட்சி வேண்டும்?

அம்மாமாரே, நான் உங்களைத்தான் கேட்கிறேன். 2004 மார்கழி 26 காலையில் கடல் வந்தபோது தப்பிய பிள்ளையைக் கட்டிப்பிடித்து, "ஆண்டவன் காப்பாற்றினான்" என்று அழுதீர்கள். அழுங்கள், யார் வேண்டாம் என்றார்? ஆனால் அதையே சான்று என்று மேடையில் எடுத்து வைத்தால், அடுத்த வீட்டில் பிள்ளையைக் கொடுத்தவளுக்கு வாத்தியார் ஐயா என்ன சொல்வார்? அவள் நேர்த்தி வைக்கவில்லை என்றா? அவளும் அதே வாசலில் கற்பூரம் கொளுத்தியவள். இன்றைக்கும் கொளுத்துகிறாள். ஒன்றுமே கிடைக்காமல், ஒரு சான்றும் இல்லாமல், வெள்ளிக்கு வெள்ளி வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறாள். அவளிடம் போய் 'உன்னுடைய நம்பிக்கைக்கு ஆதாரம் காட்டு' என்று கேட்க எனக்கு வாய் வராது. எங்கள் அணியில் ஒருவருக்கும் வராது. நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டும் என்று இந்த மேடையில் கட்சி கட்டியவர்கள் எதிரே இருக்கிறார்கள். முடிந்தால் அவர்கள் போய்க் கேட்கட்டும்.

இரண்டாம் மணியும் ஆகிவிட்டது. தீர்ப்பை நடுவர் ஐயாவிடம் விடுகிறேன். மிச்ச நேரத்தை எங்கள் கடைசிப் பேச்சாளர் அக்காவுக்குக் கொடுங்கள், நான் அவருடைய நேரத்திலும் கொஞ்சம் தின்றுவிட்டேன். வணக்கம்.